கோட் வந்துவிட்டது, காரணம் வரவில்லை

எங்கள் குழு பராமரிக்கும் பணம் செலுத்தும் மென்பொருளில், வங்கியிடமிருந்து பதில் வராவிட்டால் 47 விநாடி பொறுத்து மறுபடியும் கேட்கச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது. ஏன் 47 என்று சொல்லக்கூடியவர்கள் யாரும் இப்போது வேலையில் இல்லை. கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில், ஒரு வரியை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேம் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், "ரிவ்யூவில் பேசியபடி மாற்றப்பட்டது" என்ற குறிப்பும் அதற்குக் கீழே ஒரு சுட்டியும் கிடைக்கின்றன. சுட்டியைத் திறந்தால் அந்த முகவரியில் சர்வரே இல்லை. ரிவ்யூவுக்கு, அதாவது கோடைச் சேர்க்குமுன் சக பொறியாளர்கள் படித்துக் கருத்துச் சொல்வதற்கு, புதிய கருவிக்கு மாறியபோது, கோட் முழுவதும் பத்திரமாக வந்துவிட்டதே என்று பழைய ரிவ்யூ சர்வரை அணைத்துவிட்டோம். அதற்குத் தலையாட்டியவர்களில் நானும் ஒருவன்.

கிட் வரலாறு இருந்தால் போதும் என்ற நினைப்புதான் தவறு. எது மாறியது என்பதை கிட் சொல்லும். எந்த வழி முதலில் எழுதப்பட்டு, யாருடைய ஆட்சேபத்தால் கைவிடப்பட்டது என்பது ரிவ்யூ உரையாடலில்தான் இருக்கும். கோடைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில்கூட ஒரு களஞ்சியத்தை குளோன் செய்தால் (நகலெடுத்தால்), புல் ரிக்வெஸ்ட் எனப்படும் மாற்றக் கோரிக்கைகளில் எழுதிய கருத்துகள் கூடவே வருவதில்லை.

நிரல்களைக் கணினிக்குப் புரியும் மொழிக்கு மாற்றும் கருவிகளை உருவாக்கும் எல்எல்விஎம் திட்டம் இதைப் பொறுப்பாகக் கையாண்டது. அவர்கள் நம்பியிருந்த ஃபேப்ரிகேட்டர் என்ற ரிவ்யூ கருவியின் பராமரிப்பு 2021 ஜூனில் நின்றுபோனது. 2023 செப்டம்பரில் ரிவ்யூக்களை கிட்ஹப்புக்கு மாற்றினார்கள். அதற்குள் 'டி' என்று தொடங்கும் ரிவ்யூ எண்கள் ஒன்றரை லட்சத்தைக் கடந்திருந்தன. எண்ணற்ற கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) குறிப்புகளின் கடைசி வரியில் அந்த ரிவ்யூக்களின் சுட்டிகள் நிரந்தரமாகப் பதிந்திருந்தன. கமிட்டைத் திருத்த முடியாது என்பதால், பழைய பக்கங்களை அசையா வலைப்பக்கங்களாக்கி அதே முகவரியில் வைத்தார்கள். புதிதாகக் கருத்திட முடியாது, ஆனால் படிக்கலாம், படிப்பதுதானே தேவை?

கெரிட் என்ற ரிவ்யூ கருவியைப் பயன்படுத்துவோருக்கு வேலை சற்று எளிது. 2019இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து ரிவ்யூ கருத்துகள் தனித் தரவுத்தளத்தில் இல்லாமல் கிட்டுக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. ஆனாலும் சாதாரண குளோன் அவற்றைக் கொண்டு வராது. தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்படி வாங்கினாலும் எழுதியவரின் பெயருக்குப் பதில் கணக்கு எண்தான் இருக்கக்கூடும் என்பதால், எந்த எண் யாருடையது என்ற பட்டியலையும் சேர்த்தே எடுக்காவிட்டால், மூன்று வருடம் கழித்து "பயனர் 1043 மறுத்தார்" என்று படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரும்.

பழைய உரையாடல்களைப் புதிய கருவிக்குள் திணிப்பதை நான் அவ்வளவாக விரும்புவதில்லை. வரியோடு ஒட்டியிருந்த கருத்து வரியை விட்டு நழுவுகிறது. பல சமயம் எல்லாரும் எழுதியது ஒரே பாட் (தானியங்கி) கணக்கின் பெயரில், இறக்குமதி செய்த தேதியில் வந்து நிற்கிறது. அதைவிட, பழைய முகவரியிலேயே பக்கங்களை உறைய வைத்து, மூலத் தரவின் நகல் ஒன்றைத் தனியே வைப்பது மேல். ரிவ்யூவில் சிலர் காட்டமாக எழுதியிருப்பார்கள், அதைக் காப்பாற்றுவானேன் என்று கேட்கிறார்கள். நிறுவனத்துக்குள் மட்டும் திறக்கும்படி வைத்தால் போயிற்று.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அந்த 47ஐ 10 ஆக்கி ரிவ்யூவுக்கு அனுப்பியிருந்தார். காரணத்தைத் தெளிவாகவே எழுதியிருந்தார். மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை, ஒப்புக்கொள்ளத் துணிவும் வரவில்லை. அந்த ரிக்வெஸ்ட் இன்னும் திறந்தபடியே இருக்கிறது.