ஆன்லைனில் துப்பாக்கியா, உள்ளூர்க் கடையிலா?

ஊருக்கு போன் பேசும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார், "அமெரிக்காவுல துப்பாக்கியக்கூட ஆன்லைன்ல ஆர்டர் போட்டா வீட்டுக்கே வந்துடுமாமே?" வராது. ஒரு காலத்தில் வந்தது. 1963-இல் ஆஸ்வால்ட் பொய்ப்பெயரில் சிகாகோ கடை ஒன்றுக்கு ஆர்டர் அனுப்பித் தபாலில் வரவழைத்த ரைபிள்தான் கென்னடியைக் கொன்றது. 1968-இல் வந்த சட்டம் அந்த வழியை அடைத்தது. இப்போது இணையத்தில் பணம் கட்டினாலும், துப்பாக்கி உங்கள் பகுதியில் லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்குத்தான் போகும். நீங்கள் அங்கே போய் அடையாள அட்டை காட்டி, 4473 என்கிற படிவத்தை நிரப்பி, குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கையில் வாங்க முடியும். (எச்1பி விசாவில் இருப்பவர்கள் கவனிக்க: வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர உங்களுக்கு அனுமதி இல்லை. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம்.)

எப்படியும் கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால், கடையிலேயே வாங்குங்கள் என்பேன்.

இங்கே டெக்சாஸில் என் நண்பர் பறக்கவிடும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காக ஷாட்கன் ஒன்றை 60 டாலர் குறைவு என்று ஆன்லைனில் எடுத்தார். அனுப்பும் செலவு, கடைக்காரர் வாங்கிக்கொடுக்கக் கேட்ட கட்டணம் என்று அந்த லாபம் கரைந்துவிட்டது. அப்புறம் பார்த்தால் தோளில் அண்டக்கொடுக்கும் பின்கட்டை அவருக்கு நீளம். உங்கள் பெயருக்கு மாறியபின் அது பழைய துப்பாக்கி, திருப்பி எடுக்க மாட்டோம் என்று விற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்.

நான் வாங்கிய கடையில் கடைக்காரப் பெரியவர் முதலில் துப்பாக்கியில் தோட்டா போடும் அறையைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, விரலையும் விட்டுத் தடவிய பிறகே என்னிடம் நீட்டினார். "கண்ணை மூடு. தோளில் வை. இப்போ திற." குழல் நுனியில் குறிபார்க்க இருக்கும் சின்ன மணி கண்ணுக்கு நேராக நிற்கவில்லை. பேசாமல் அதை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார். மூன்றாவதுதான் பொருந்தியது.

பொருத்தத்தை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே கடையில், ஒரு வாரத்துக்குள், ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத மூன்று பேர் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் தற்கொலை செய்துகொண்டார்கள். அதற்கப்புறம் அந்த மாநிலத்துக் கடைக்காரர்களே மனநல ஆட்களோடு உட்கார்ந்து, வருகிறவரின் தவிப்பை எப்படிக் கண்டுகொள்வது, எப்போது விற்க மறுப்பது என்று வகுத்தார்கள். எதிரில் நின்று பேசுகிற மனிதரால்தான் அது முடியும், வாங்கும் பட்டனால் முடியாது.

எனக்கு உண்மையில் பயம் தருவது தனி ஆட்கள் விற்பனைக்கு விளம்பரம் போடும் இணையத் தளங்கள்தான். ஒரே மாநிலத்தில் இருக்கும் தனி ஆட்கள் இருவர் அங்கே பேசிவைத்துப் பார்க்கிங்கில் கைமாற்றிக்கொண்டால் மத்திய சட்டம் சோதனை கேட்பதில்லை. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் கடை வழியாகத்தான் என்று கட்டாயமாக்கியிருக்கின்றன, டெக்சாஸ் செய்யவில்லை. நண்பர் அந்த நீளக்கட்டை ஷாட்கனை அப்படித்தான் விற்கப் போனார். நான் விடவில்லை. வாங்க வந்தவரையும் கூட்டிக்கொண்டு பெரியவர் கடைக்கே போனோம், கட்டணத்தை ஆளுக்குப் பாதி போட்டோம், வந்தவர் உட்கார்ந்து 4473-ஐ நிரப்பினார்.