நானோ வெள்ளித் தண்ணீர் குடித்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாமா?

"நானோ வெள்ளி கலந்த தண்ணீரை தினமும் ரெண்டு ஸ்பூன் குடித்தால் எந்த பாக்டீரியாவும் அண்டாது, ஆன்டிபயாட்டிக்கே தேவையில்லை" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து குடிக்காதீர்கள்.

வெள்ளி பாக்டீரியாவைக் கொல்லும், அது உண்மைதான். நானோ துகளிலிருந்து, அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகளிலிருந்து, கசியும் வெள்ளி அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கிருமியின் மேலுறையைக் குலைத்து, உள்ளேயிருக்கும் புரதங்களின் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். அதனால்தான் தீக்காயத்துக்குப் போடும் சில கட்டுகளில் நானோ வெள்ளி சேர்க்கிறார்கள். ஆனால் அதெல்லாம் புண்ணின் மேலே. குடித்தால் தொற்று குணமாகும் என்பதற்கு ஆதாரமே இல்லை. மாறாக, நாள்பட உடம்பில் சேர்ந்தால் ஆர்ஜீரியா வரும்: முகம், நகக்கண் எல்லாம் சாம்பல் நீலமாகி, பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். சில ஆன்டிபயாட்டிக்குகளும் தைராய்டு மாத்திரையும் உடம்பில் சேர்வதையும் குடித்த வெள்ளி குறைக்கலாம். மருந்துச் சீட்டில்லாமல் விற்கும் கூழ்ம வெள்ளி (நுண்ணிய வெள்ளித் துகள்கள் கலந்த திரவம்) மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999லேயே சொல்லிவிட்டது.

சரி, நானோ மருத்துவமே பொய்யா? இல்லவே இல்லை. தொண்டை வலிக்குக் காரணம் ஸ்ட்ரெப் பாக்டீரியாவா என்று சில நிமிடங்களில் காட்டும் பல சோதனை அட்டைகளில் தெரிகிற சிவப்புக் கோடு, தங்க நானோ துகள்கள் கூடி நிற்பதால் வருவதுதான்.