கோயம்பேட்டுக் குப்பையும் அந்த வீடியோவும்

நேற்றிலிருந்து அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் பாக்கியில்லை. கூடவே 'உங்க மார்க்கெட் லட்சணத்தைப் பாருங்க' என்று ஒரு வரி. பார்த்தேன். குப்பை மேட்டுக்குப் பக்கத்தில் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் இரண்டு பேர் டீ குடிக்கிறார்கள். 'சம்பளம் வாங்கிட்டு உக்காந்திருக்காங்க' என்று பின்னால் ஒரு குரல். அவர்கள் ராத்திரியிலிருந்து வாருகிறார்கள் என்பது அந்தக் குரலுக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

கோயம்பேட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுகிறவன் நான். ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தேன். மார்க்கெட்டில் தரையில் விழுவதில் பெரும்பகுதி குப்பையே இல்லை. இலை, தழை, தண்டு. பிளாஸ்டிக் கவரும் டீ கப்பும் சாக்கு நூலும் அதோடு கலக்கும்போதுதான் அது குப்பையாகிறது.

காலிஃபிளவர் லோடு இறங்குவதைப் பார்த்திருக்கிறீர்களா? பூவைச் சுற்றி இலையோடு வரும். வழியில் பூ அடிபடாமல் காப்பதே அந்த இலைதான். கடையில் கத்தியால் ஒரு சுற்றுச் சுற்றினால் இலை காலடியில். அந்த நிமிஷத்தில் அது மாட்டுத் தீவனம். அப்புறம் யாரோ வீசிய கவர் அதில் விழுந்து, மேலே தள்ளுவண்டி ஏறி இறங்கி, விடிவதற்குள் நாற்றமெடுத்த சேறு. அதை வாருகிறவர்கள் மேல் பழி.

'பிரித்து வைத்தால் மட்டும் என்ன ஆகிவிடும்?' என்பீர்கள். ஹைதராபாத் போயன்பள்ளி மார்க்கெட்டில் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார்கள். 2021 ஜனவரியில் பிரதமரே வானொலியில் அதைப் பாராட்டினார். நமக்கும் இது புதிதில்லை. நாளுக்கு 30 டன் கழிவில் மின்சாரம் எடுக்கும் நிலையத்தைக் கோயம்பேட்டில் அதற்கு வெகு முன்பே கட்டினார்கள். அது பிறகு ஓடாமல் நின்றுபோனது. கவரும் நூலும் கலந்த கழிவைப் போட்டால் எந்த இயந்திரமும் சிக்கித்தான் நிற்கும். கடை வாசலிலேயே பிரிக்க வேண்டும். மக்குவது தனி, மக்காதது தனி. 2016-ல் வந்த திடக்கழிவு விதிகளும் இதைத்தான் சொல்லின.

'வியாபாரிகள்தானே கொட்டுகிறார்கள்?' ஆமாம், கொட்டுகிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைக்கு இரண்டு தொட்டி கொடுத்து, இரண்டையும் தனித்தனி வண்டியில் எடுத்துப் போங்கள். பிரித்து வைத்ததை ஒரே லாரியில் அள்ளிக் கொட்டினால் மறுநாள் எவன் பிரிப்பான்?

'நீ மார்க்கெட் ஆள், அப்படித்தான் பேசுவாய்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பேசுவேன். என் அப்பா கொத்தவால்சாவடியில் மூட்டை தூக்கியவர். 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்கு வந்தபோது அவரும் வந்தார். இந்த நகரம் சாப்பிடுவதற்காக ராத்திரித் தூக்கத்தை விட்ட குடும்பம் எங்களுடையது. எங்களுக்குச் சுத்தம் தெரியாது என்று யார் சொன்னாலும் வலிக்கும்.

போன பொங்கல் முடிந்து, விற்காத கரும்பும் மஞ்சள் கொத்தும் வாழைக்கன்றும் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. அள்ளிக்கொண்டிருந்த ஒரு அக்காவின் உள்ளங்கையில் கோணி ஊசி ஏறிவிட்டது. சாக்கு தைத்த ஊசியை எவனோ தழைக்குள் போட்டிருக்கிறான். கையில் உறை கிடையாது. ஒப்பந்தக்காரர் ஆளிடம் போய்க் கேட்டேன். 'கொடுத்தா போட மாட்டாங்க சார்' என்றார். கொடுத்ததே இல்லை என்றார் அக்கா. முந்தானையைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு, 'நீ போ தம்பி, கணக்கைப் பாரு' என்று மறுபடி குனிந்தார்.

வீடியோவில் இடது பக்கம் உட்கார்ந்திருப்பது அவர்தான். அவருடைய மகள் கல்லூரியில் படிக்கிறாள், அவள் போனுக்கும் இது போயிருக்கிறது. எடுத்தவர் என் நட்புப் பட்டியலில் யாருக்காவது தெரிந்தவராக இருந்தால் சொல்லுங்கள். வீடியோவை நீக்கச் சொல்லுங்கள். அதற்கு மனசில்லை என்றால், அந்த முகத்தையாவது மறைக்கச் சொல்லுங்கள்.