தோசைக்கல்லில் ஒரு சாலட்

சாலட் என்றாலே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த வெள்ளரியும் கேரட்டும்தான் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிட்டோம். டயட்டில் இருப்பவர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு மெல்லும் சமாச்சாரம். நான் அந்தக் கட்சி இல்லை. சுட்ட காய்மேல் எலுமிச்சையும் நல்லெண்ணெயும் கலந்து ஊற்றி, சூடு ஆறுமுன் சாப்பிடுகிற கட்சி.

முதல் தடவை செய்தது படு சொதப்பல். கத்தரிக்காய், குடைமிளகாய், பரங்கிக்காய், வெண்டைக்காய், சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் கழுவின ஈரத்தோடு ஒரே ஈடாகக் கல்லில் கொட்டினேன். காய் சுடவில்லை, வெந்து குழைந்தது. மேலே ஈரம் இருக்கும்வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது. காய் சிவக்க 140 பக்கம் போக வேண்டும். போதாததற்கு எலுமிச்சையையும் கல்லிலேயே பிழிந்தேன். சுர்ரென்று ஒரு சத்தம், வாசனை எல்லாம் ஆவியாகப் போய்விட்டது.

மறுநாள் காலை தோசை கல்லை விட்டு வரவே இல்லை. இரும்புக்கல்லில் வருஷக்கணக்காகப் படிந்த எண்ணெய்ப் பூச்சைப் புளிப்பு தின்றுவிட்டது. அம்மா பிடித்துக்கொண்டாள். "ஏண்டா, எலுமிச்சை சாதத்துக்கே அடுப்பை அணைச்சுட்டுத்தானே பிழியறோம்? உனக்கு யாரு சொன்னா கல்லுல ஊத்தச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை. நம் வீட்டு அடுப்பு விதியை, சாலட் என்று பெயர் இங்கிலீஷில் இருந்ததால் மறந்துவிட்டேன், அவ்வளவுதான்.

இப்போது செய்கிற விதம்: காய்களைத் துணியால் ஒற்றி, அரை அங்குலக் கனத்தில் நறுக்குகிறேன். வெண்டைக்காய் முழுசாக. எண்ணெயைக் கல்லில் விடாமல் காயில் தடவுகிறேன், இல்லாவிட்டால் கத்தரிக்காய் ஒன்றே மொத்தத்தையும் குடித்துவிடும். கல் நன்றாகக் காய்ந்தபிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட்டு அடுக்கி, கை வைக்காமல் விட்டுவிட வேண்டும். கரண்டியால் கிண்டினால் அது பொரியல்.

சாறுக்கு இரண்டு ஸ்பூன் சாத்துக்குடி, ஒரு ஸ்பூன் எலுமிச்சை, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், உப்பு, மிளகு. எலுமிச்சைத் தோலை லேசாகத் துருவிச் சேர்த்தால்தான் மணம். அடியில் இருக்கும் வெள்ளை வந்தால் கசக்கும். சாத்துக்குடியை முன்கூட்டியே பிழிந்து வைத்தாலும் கசந்துபோகும். மேலே ஒரு சிட்டிகை வேப்பிலைக்கட்டி உதிர்த்துவிடுவேன். பெயர்தான் வேப்பிலை, உள்ளே இருப்பது நார்த்தை இலையும் எலுமிச்சை இலையும். கடையில் வாங்கும் எந்த டிரெஸ்ஸிங்கும் இதற்கு உறை போடக் காணாது.

அம்மாவுக்கு இன்னமும் இது "கொத்சு ஆகாத கத்தரிக்காய்"தான். ஆனால் கிண்ணத்தின் அடியில் தங்கும் சாறு அவளுக்குத்தான் என்று எழுதாத ஒப்பந்தம்.

மிச்சம் வைக்காதீர்கள். புளிப்பில் ஊறினால் வெண்டைக்காயின் பச்சை போய்ப் பழுப்பாகிவிடும். அப்படியே மிஞ்சினால் தயிரில் போட்டுக் கடுகு தாளித்துவிடுங்கள். ராத்திரி சப்பாத்திக்கு ஆச்சு.