பாகிஸ்தான் உடைந்தது இரண்டு மொழியால் அல்ல

"இரண்டு மொழி இருந்ததால்தான் பாகிஸ்தான் உடைந்தது, ஒரே மொழி என்றால் ஒற்றுமை தானாக வரும்" என்று ஒருவர் அடித்துவிட்டிருக்கிறார். நடந்தது தலைகீழ். அன்றைய பாகிஸ்தானின் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் கிழக்குப் பாகிஸ்தானில், அதாவது இன்றைய வங்கதேசத்தில், இருந்த வங்காளிகள். அவர்களிடமே, டாக்காவுக்கே போய், 1948-ல் உருதுதான் ஒரே அரசு மொழி என்றார் பாகிஸ்தானை நிறுவிய ஜின்னா. 1952 பிப்ரவரி 21 அன்று வங்க மொழிக்காக 144 தடையை மீறித் திரண்ட மாணவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. 1956 அரசியலமைப்பில் இரண்டு மொழிக்கும் இடம் கொடுத்தார்கள், சரி, ஆனால் அதிகாரமும் ராணுவமும் மேற்குப் பாகிஸ்தானின் கையிலேயே இருந்தன. அப்புறம் 1970 தேர்தலில் வங்காளிகளின் கட்சியான அவாமி லீக் தனிப்பெரும்பான்மை பெற்றும் ஆட்சியைக் கொடுக்காமல் 1971 மார்ச்சில் கிழக்கில் படையை இறக்கினார்கள், உடைந்தது அங்கேதான். ஒரே மொழிதான் மருந்து என்றால், அநேகமாக எல்லோரும் சோமாலி பேசும் சோமாலியாவில் 1991-ல் மத்திய அரசே சரிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?