தேய்ப்பதும் பயிற்சியும் சமமல்ல

தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில் வரும் வலிக்கு மசாஜும் பிசியோதெரபி பயிற்சியும் சம அளவில் வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஜேம்ஸ் சிரியாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பரவலாக்கிய, தசைநாணின் குறுக்கே விரல்நுனியால் அழுத்தித் தேய்க்கும் முறை குறித்து மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட மதிப்பாய்வுக்குத் தகுதியான ஆய்வுகள் இரண்டே கிடைத்தன. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 57 பேர். பலன் உண்டென்றோ இல்லையென்றோ முடிவுகட்ட அது போதவில்லை.

எனக்குக் குதிகால் தசைநாணில் வலி வந்திருந்தபோது, காலையில் கட்டிலைவிட்டு இறங்கியதும் முதல் பத்து அடியைச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். கெண்டைக்காலை நீவிவிட்டால் மாலைவரை இதமாக இருக்கும். மறுநாள் காலையில் மீண்டும் அதே சுவர்தான். மாடிப்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சிதான் என்னை நடக்க வைத்தது. சுவீடன் மருத்துவர் ஹோகன் ஆல்ஃபிரெட்சனின் குழு 1998இல் வெளியிட்ட முறை அது: முழங்காலை நீட்டியபடி 45 முறை, சற்று மடக்கியபடி 45 முறை, நாளுக்கு இருவேளை, 12 வாரங்கள். படிப்படியாகச் சுமை ஏறும்போதுதான் தசைநாண் வலுப்பெறுகிறது; விரலின் அழுத்தத்தால் அது நடப்பதில்லை.

மசாஜே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வலிக்குப் பயந்து பயிற்சியைத் தொடங்கவே தயங்குபவருக்கு அந்தச் சிறிது நேர இதம் பெரிய துணிவு. ஆனால் இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு அழுத்தித் தேய்ப்பது ஆகாது என்பதையும், குதிகாலில் திடீரென யாரோ உதைத்ததுபோல் வலித்தால் கைவைக்காமல் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதையும் கட்டுரையில் தயவுசெய்து சேர்க்க வேண்டுகிறேன்.