ஊசி போட்டதைக் கண் டாக்டரிடமாவது சொல்லுங்கள்

தம்பி கல்யாணத்தில் இணைச்சீர் என்கிற சடங்குக்கு அக்காதான் உட்கார வேண்டும். வீடியோக்காரர் விளக்கை நேராக முகத்தில் அடிப்பாரே என்று, பத்து நாள் முன்னால் ஈரோட்டில் ஒரு கிளினிக்கில் புருவ மத்தியில் ஊசி போட்டுக்கொண்டாள். ஊரே போடாக்ஸ் என்று சொல்கிற அந்த ஊசிதான். என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஆறாம் நாள் காலை, காபி ஆற்றிக்கொண்டிருந்தவளைப் பார்த்து அம்மா, "ஏஞ்சாமி, ராத்திரி தூங்கலியா? ஒரு கண்ணு சொக்குது" என்றார். வலது இமை பாதிக் கருவிழிக்கு இறங்கியிருந்தது. ஃபோன் பார்க்கக்கூட விரலால் தூக்கிப் பிடித்தாள்.

போட்டது தப்பு என்று சொல்ல வரவில்லை. மாதம் தவறாமல் டை அடிக்கிற நான் அதைப் பேசக் கூடாது. அடுத்து நடந்ததுதான் எரிச்சல். கண் டாக்டரிடம் போனால், கூடவே அக்காவின் மாமியார். "சமீபத்துல ஏதாச்சும் ஊசி போட்டீங்களா?" என்று டாக்டர் கேட்க, அக்கா கூசாமல் "இல்லீங்" என்றாள். திடீரென்று ஓர் இமை இறங்கினால் அவர் என்ன நினைப்பார்? நரம்பா, மயஸ்தீனியா என்கிற தசை பலவீன நோயா, மூளையில் ஏதாவதா என்றுதானே? எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு எழுதிவிட்டார். மாமியாரை டீ குடிக்க அனுப்பிவிட்டு நான்தான் உடைத்தேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். நரம்பு தசைக்கு அனுப்பும் சேதியை அந்த மருந்து அடைப்பதால்தான் சுருக்கம் போகிறது. புருவத்தில் போட்டது கொஞ்சம் கீழே பரவினால், இமையைத் தூக்கும் தசையும் படுத்துவிடும். முறிவு மருந்து கிடையாது, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகத் தேறும். அதுவரைக்கும் அப்ராக்ளோனிடின் சொட்டு, இன்னொரு சின்னத் தசையைத் தூண்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிக் கொடுக்கும். சிலருக்கு இமை சரியாக மூடாமல் கண் உலரும், அரிதாக எதுவும் இரண்டிரண்டாகத் தெரியும். இத்தனைக்கும் இது கண்ணுக்கென்றே வந்த மருந்து. ஆலன் ஸ்காட் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் மாறுகண்ணுக்காகக் கொண்டுவந்தார், அங்கே 1989ல் அனுமதி. புருவச் சுருக்கத்துக்கு 2002ல்தான்.

கிளினிக்கில் கையெழுத்து வாங்கிய தாளில் இமை இறங்கலாம் என்று இருந்ததாம், பொடி எழுத்தில், இங்கிலீஷில். கல்யாணத்துக்குப் பத்தே நாள் என்று தெரிந்தும் வாயால் ஒருவரும் சொல்லவில்லை. இறங்குவதே சில நாள் கழித்துத்தான், தேற வாரக்கணக்காகும். ஒரு மாதமாவது முன்னால் வரச் சொல்லியிருக்க வேண்டாமா?

இணைச்சீர் அன்று சொட்டுப் போட்டும் இமை லேசாகச் சரிந்தே இருந்தது. பக்கத்தில் வந்த பெரியம்மா, "தம்பி மேல இத்தன பாசமா கண்ணு, அழுதழுது கண்ணே சொருகிப்போச்சே" என்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.